பெரிய வால்வு போடலாமா? ஒரு 1275 எஞ்சினோடு குப்பை கொட்டிய அனுபவம்

நண்பர் ஒருவர் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறார். கழற்றிய ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும், வால்வுகள் உட்காரும் பாகத்தை, போட்டோ எடுத்து அனுப்பி, "இவ்வளவு தூரம் பிரிச்சாச்சு, அப்படியே பெரிய வால்வா போட்டுடலாமேன்னு மெக்கானிக் சொல்றார். நீங்கதான் போட்டு ஓட்டுறீங்களே, என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். "அப்போ என்னைப் பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிக்கிட்டே ஆஹா ஓஹோன்னு சொன்னது யாராம்?" என்று திருப்பிக் கேட்டுவிட்டார். நான்தான். அன்று சொன்னதும் பொய்யில்லை, இன்று சொல்வதும் பொய்யில்லை. போனில் சொன்னால் சண்டையில் போய் முடியும் என்பதால் எழுதுகிறேன்.

என்னுடையது ஏ-சீரிஸ் 1275, பழைய மினி கார்களில் வரும் 1275 சி.சி. எஞ்சின். மற்ற விவரமெல்லாம் இங்கே வேண்டாம், வால்வு அளவை, அதாவது விட்டத்தை, மட்டும் சொல்கிறேன். சாதாரண 1275-ல், கலவையை உள்ளே விடும் இன்லெட் 33.3 மி.மீ., புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் 29.2. என்னுடையதில் இன்லெட் 35.6, எக்ஸாஸ்ட்டைத் தொடவில்லை. 35.6 ஒன்றும் புதுச் சங்கதியும் இல்லை, 1964-ல் வந்த மினியின் வேக ரகமான கூப்பர் எஸ் 1275-லேயே கம்பெனி போட்டு அனுப்பிய அளவுதான். இந்த ஹெட்டை முதலில் பழைய கேம்ஷாஃப்டோடு, அதாவது வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டோடு, ஓட்டினேன். வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம் உள்ளே போனது ரொம்ப நாள் கழித்துத்தான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வழக்கே அதில்தான் இருக்கிறது.

முதலில் எரிச்சல். மூன்றாவது கியரில் மெதுவாக ஒரு வளைவில் திரும்பி வெளியே வருகிறேன், எஞ்சின் 1500 ஆர்.பி.எம். பக்கத்தில் இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறேன். கார்புரேட்டர் ம்ம்ங் என்று ஒரு பெருமூச்சு இழுக்கிறது, வண்டி அப்படியே இருக்கிறது. மிஸ் அடிப்பதில்லை, உதறுவதில்லை, சும்மா யோசிக்கிறது. நான் சலித்துப் போய் இரண்டாவது கியருக்குக் கையைக் கொண்டுபோகும் அந்த நேரம் பார்த்து, சரி போகலாம் என்று கிளம்புகிறது. தினமும், ஒவ்வொரு வளைவிலும் இதே கதை. கார்புரேட்டரின் டேம்பரில் கனமான எண்ணெய் ஊற்றிப் பாருங்கள் என்பீர்கள், ஊற்றியாயிற்று. அதில் பெட்ரோலை அளந்து விடும் நீடிலை மாற்றுங்கள் என்பீர்கள், அதுவும் ஒன்றுக்கு மேல் மாற்றியாயிற்று. ஸ்பார்க் விழும் ஆரம்ப டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் சரியாகும் என்பீர்கள், அதில் பாதி குறைந்தது, மீதிப் பாதி இன்னும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது.

காரணம் தெரியாத வியாதி இல்லை இது. விட்டம் 33.3-லிருந்து 35.6 ஆகும்போது வால்வின் பரப்பு 14 சதவீதம் கூடுகிறது. அதே அளவு காற்று அகலமான வழியில் மெதுவாகத்தான் போகும், தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினால் தண்ணீர் பீச்சி அடிப்பதற்கு நேர் எதிர். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 81.3 மி.மீ., 1500 ஆர்.பி.எம்.-ல் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 4 மீட்டரை ஒட்டி வரும். போரின், அதாவது சிலிண்டர் துளையின், பரப்பை வால்வின் பரப்பால் வகுத்து அதோடு பெருக்கினால், வால்வு வாயில் காற்றின் சராசரி வேகம் பழைய வால்வில் சுமார் 18 மீட்டர், பெரியதில் 16. வேகம் குறையக் குறைய பெட்ரோல் துளிகள் காற்றோடு மிதந்து வராமல், ஹெட்டுக்குள் வால்வுக்குப் போகும் வழியான போர்ட்டின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். போதாக்குறைக்கு இந்த எஞ்சினில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இன்லெட் போர்ட், பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாயில் பங்கு போட்டுக் குடிப்பவை. கீழ் வேகத்தில் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதில் எப்போதும் ஒரு தகராறு இருக்கும்.

இதை இப்படியே நிறுத்தினால் என் கோபத்துக்கு வசதியாக இருக்கும். ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. பழைய கேமோடு இதே 35.6 வால்வுகளை ஓட்டிய காலத்தில் இந்த யோசனை வியாதி கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கீழ் வேகத்தில் இழுவை ஒரு துளி மட்டுப்பட்டிருக்கலாம், தேடிப் பார்த்தால்தான் தெரியும். வளைவில் வண்டி யோசிக்க ஆரம்பித்தது கேம் மாறிய பிறகு. புது கேம் இன்லெட் வால்வைத் தாமதமாக மூடுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது, உள்ளே வந்துகொண்டிருக்கும் காற்று தன் வேகத்திலேயே இன்னும் கொஞ்சம் புகுந்துவிடும், லாபம். 1500-ல் அந்த வேகம் கிடையாது, மேலே ஏறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். ஆக முதல் குற்றவாளி கேம், வால்வு கூட்டாளி மட்டும்தான்.

அப்படியானால் கேமைத் திட்டாமல் வால்வை ஏன் திட்டுகிறாய் என்றால், கேமை வீட்டுக்குக் கூட்டி வந்ததே வால்வுதான். பெரிய வால்வு தனியாக வந்தால் சும்மா உட்கார்ந்திருக்கும். வால்வு மேலே எழும்பும் உயரம் அதன் விட்டத்தில் கால் பங்கை எட்டும் வரைக்கும், காற்று போகும் வழி என்பது வால்வின் விளிம்புக்கும், மூடும்போது அது உட்காரும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் வளைய இடைவெளிதான். பழைய கேம் தூக்குவது சுமார் 8 மி.மீ., 35.6-க்குக் கால் பங்கு 8.9. கடைசி வரை எட்டுவதே இல்லை. அதனால் பரப்பில் கூடிய 14 சதவீதம் காகிதத்தோடு நின்றுவிடும், உண்மையில் கூடுவது விளிம்பின் சுற்றளவு மட்டும், அது 7 சதவீதம். அந்த ஏழும் முழுசாகக் கைக்கு வராது. வால்வு பெரிதானால் அதன் ஒரு பக்க விளிம்பு கலவை எரியும் கம்பஷ்சன் சேம்பரின் சுவரை நெருங்கிவிடும், அந்தப் பக்கம் காற்று நுழைய இடம் இருக்காது. சுவரைச் செதுக்கி வழி விடலாம்தான், ஆனால் சேம்பர் பெரிதாகும், கம்ப்ரஷன் இறங்கும், அதை மீட்க ஹெட்டின் முகத்தைச் சீவ வேண்டும். ஒன்றைத் தொட்டால் அடுத்தது கையை நீட்டும். உயரமாகத் தூக்கும் கேம் வேண்டும், அதற்கும் கனமான வால்வுக்கும் இறுக்கமான ஸ்ப்ரிங் வேண்டும், ஸ்ப்ரிங் இறுகினால் கேமின் மேடான லோபுக்கும் அது தள்ளும் டேப்பட்டுக்கும் தேய்மானம், மேல் வேகத்தில் கலவை வறண்டுபோகாமல் இருக்க வேறு நீடில். வால்வு போடலாமா என்று கேட்கிறவர்கள் நாலு வால்வைப் பற்றிக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய கேமோடு ஓட்டிய நாட்களில் வண்டி முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஐடிலிங் ஒரே சீராக நின்றது, மேட்டில் கியர் மாற்றுவது குறைந்தது. எல்லோரிடமும் வால்வு மகிமை என்று பெருமையடித்துக்கொண்டேன். அப்புறம் என் ஹெட்டைச் செய்த அதே ஆள் வேலை செய்த இன்னொரு 1275-ஐ ஓட்டும் வாய்ப்பு வந்தது. அதில் 33.3 வால்வே இருந்தது, சீட் மட்டும் 30, 45, 60 என்று மூன்று கோணத்தில் வெட்டி, சீட்டுக்குக் கீழே தொண்டைப் பகுதியில் நின்ற விளிம்பை வழித்து விட்டு, வால்வின் தண்டு ஏறி இறங்கும் கைடுகளைப் புதிதாகப் போட்டிருந்தார். 4500 வரைக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. என் ஹெட்டிலும் அந்த மூன்று வேலையும் நடந்திருந்தன. நான் வால்வுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த மாலை மரியாதையெல்லாம் சீட்டுக்குச் சேர வேண்டியது.

சரி, ஆஹா ஓஹோ எங்கே வருகிறது? இப்போதிருக்கும் கேமோடு 3500-க்கு மேலே. அது வேறு எஞ்சின். அதுவரை முனகிக்கொண்டு வந்த கார்புரேட்டர் திடீரென்று குரலைத் திறக்கிறது, முள் 4000, 5000 என்று ஏறுவதில் ஒரு அவசரம் தெரிகிறது, சாதாரண 1275 போதும் என்று மூச்சு வாங்கும் இடத்தில் இது இன்னும் கேட்கிறது. 6000-ல் பழைய வால்வு வாயில் காற்று விநாடிக்கு 73 மீட்டர் வேகத்தில் நெருக்கியடித்துப் போக வேண்டும், பெரியதில் 64 போதும். 1500-ல் நமக்கு எதிரியாக இருந்த அதே கணக்கு இங்கே நம் பக்கம் வந்துவிடுகிறது. காலியான சாலையில் இரண்டாவது கியரில் கடைசி வரை இழுத்து மூன்றாவது போடும்போது நான் யாருக்கும் எந்த அறிவுரையும் சொல்லும் நிலையில் இருப்பதில்லை. நண்பர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அப்படி ஒரு நேரத்தில்.

சமீபத்தில் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிற்று. இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில், ஏ-சீரிஸில் வழக்கமாகப் போகும் இடம்தான், அதில் வால்வைக் குற்றம் சொல்ல முடியாது. ஹெட் கையில் இருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன். போர்ட்டுகளில் பெட்ரோலை ஊற்றி வைத்தேன், ஒரு வால்வைச் சுற்றியும் ஈரம் கசியவில்லை. கழற்றினால் சீட்டில் வால்வு உட்காரும் வளையம் சாம்பல் நிறத்தில், சுற்றிலும் ஒரே அகலத்தில், எங்கும் குழி விழாமல் இருந்தது. நான் பயந்தது இன்லெட் சீட்டுக்கும் எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒல்லியான பாலத்தைப் பார்த்து. எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பங்கு சீட் வழியாகத்தான் ஹெட்டுக்குள் இறங்குகிறது, பாலம் மெலிந்தால் அங்கேதான் விரிசல் விழும். கூப்பர் எஸ் ஹெட்டில் எக்ஸாஸ்ட்டும் 30.9 என்று பெரிதாக இருந்தது, அந்த இடத்தில் வெடிப்பது அதன் பேர்போன வியாதி. பின்னால் 1982-ல் வந்த எம்.ஜி. மெட்ரோ காரில் இன்லெட் அதே 35.6, எக்ஸாஸ்ட் 29.2 என்று இருந்தது. என்னுடையதும் அதே ஜோடி என்பதால் தப்பித்தது என்று நினைக்கிறேன். சாயம் பூசிப் பார்த்ததில் ஒரு கோடுகூட இல்லை.

சாதாரண வால்வு உள்ள இன்னொரு ஹெட், சீட் வேலையெல்லாம் முடித்தது, அலமாரியில் சும்மா கிடந்தது. பழைய கேமும் பத்திரமாக இருந்தது. இரண்டையும் மாட்டியிருந்தால் வளைவு எரிச்சல் அன்றோடு ஒழிந்திருக்கும். நான் பெரிய வால்வு ஹெட்டையே துடைத்து, லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டி மூடினேன். அடுத்த நாள் முதல் வளைவிலேயே அது யோசித்தது, நான் திட்டினேன்.

ஆனாலும் நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். அவர் ஓட்டுவது நெரிசலில், குடும்பத்தோடு, 3000-ஐத் தாண்டாமல். அந்த வண்டிக்கு 6000-ல் கிடைக்கும் காற்றால் ஒரு பயனும் இல்லை. மெக்கானிக் விடாமல் வற்புறுத்தினால் அந்தப் பாலம் எவ்வளவு மிஞ்சும் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். ஈயமில்லாத பெட்ரோலுக்காக எக்ஸாஸ்ட்டில் கடினமான சீட் வளையம் பதித்த பழைய இரும்பு ஹெட் என்றால் கட்டாயம் கேளுங்கள், வளையம் ஏற்கனவே பாலத்தைத் தின்றிருக்கும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றி, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் இன்லெட்டில் 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 இருக்கிறதா என்று பார்ப்பாரா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் முகம் சுளிக்கிறார் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. சுளிக்காத ஆளாக இருந்தால், பழைய அளவு வால்வையே வைத்து அந்த மூன்று கோணத்தையும் ஒழுங்காக வெட்டித் தரச் சொல்லுங்கள். கிளம்பும்போது, அப்படியே கேமையும் மாத்திடலாமே என்று ஆரம்பிப்பார். அதற்கும் வேண்டாம்.