மகளின் ஓயாத பேச்சைக் குரல்பதிவில் சேர்த்துவைத்த அனுபவம்

என் மகளுக்கு இரண்டரை வயதானபோது, கைப்பேசியில் ஏற்கெனவே இருந்த குரல்பதிவுச் செயலியில் அவள் பேச்சைப் பதியத் தொடங்கினேன். இப்போது அவளுக்கு ஐந்து வயது, வாய் இன்னும் ஓயவில்லை, பதிவும் தொடர்கிறது. காணொளி எடுக்க முயன்றால், பேச்சை அப்படியே விட்டுவிட்டுத் திரையில் தன் முகத்தைப் பார்க்க ஓடிவந்துவிடுவாள். மேசையோரம் கவிழ்த்துவைத்த கைப்பேசியையோ அவள் பொருட்படுத்துவதே இல்லை.

"இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டுப் பதிந்தவற்றில் உயிர் இல்லை. தனியே விளையாடும்போது தனக்குத்தானே அவள் பேசிக்கொள்வதைத்தான் நான் பொக்கிஷமாகக் கருதுகிறேன். மூன்றரை வயதில் ஒரு மாலை, பொம்மையைப் படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தபடி, "அழாதடா, அம்மா ஆபீஸ் போயிட்டு நேத்து வந்துடுவேன்" என்று சமாதானம் சொன்னாள், உடனே குரலை மெல்லியதாக்கி, பொம்மையாகவே "ஏன் போகணும்?" என்று கேட்டாள், பிறகு பதிவில் சிறிது நேரம் சத்தமே இல்லை, கடைசியில், "போகலைன்னா ஆபீஸ் அழும்ல" என்றாள். எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காத பதிவு அது.

சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி, 1934இல் வெளியான தம் நூலில், குழந்தை தன்னோடு வாய்விட்டுப் பேசும் பேச்சே காலப்போக்கில் உள்ளடங்கி மௌனச் சிந்தனையாகிறது என்று விளக்கினார். அந்தப் பொம்மை உரையாடலில் அவள் யோசிப்பதையே காதால் கேட்க முடிகிறது என்பதால், அப்படிப் பேசும் வேளைகளில் நான் குறுக்கிடுவதே இல்லை.

சேமிப்பிடம் ஒரு சிக்கலாக இருக்கவில்லை. நொடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவில் சுருக்கிப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்பிதான் ஆகும், சிடி தரத்தில், ஒற்றை ஒலித்தடமாக (மோனோ), சுருக்காமல் பதியும் வேவ் கோப்பு அதைப்போல் பதினோரு மடங்கு இடம் கேட்கும், வீட்டுப் பேச்சுக்கு அது தேவையில்லை. பேச்சை எழுத்தாக மாற்றும் வசதி மட்டும் பயன்படவில்லை. பெரியவர்களின் பேச்சில் பழக்கப்பட்ட அந்த வசதி, ரகரமும் ழகரமும் திருந்தாத மழலையில் தடுமாறிப்போகிறது. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும், அவள் யாரிடம், எதைப் பார்த்துப் பேசினாள் என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவைக்கிறேன். அந்த வரி இல்லாத பழைய பதிவுகள் சில இன்று எனக்கே விளங்கவில்லை.

உறவினர்கள் ஆசையோடு கேட்டாலும் இவற்றை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் பகிர்வதில்லை. பிரதி ஒன்று ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. யாருக்குக் கேட்கக் கொடுப்பது, எதை அழிப்பது என்பதை அவள் வளர்ந்தபின் அவளே முடிவுசெய்வாள்.