பழைய லேடீஸ் சைக்கிள், 4 வருஷம் ஓட்டுனப்புறம்: முக்கியமா அந்த காட்டர் பின் பத்தி

கூட வேலை பார்த்த நண்பர் ஒருத்தர், அவரும் ரிட்டயர் ஆயிட்டாரு, செகண்ட் ஹேண்ட் சைக்கிள் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன் வாங்கலாமா, நீங்கதான் ஓட்டுறீங்களே எப்படி இருக்குன்னு கேட்டிருந்தாரு. போன்ல நல்லா இருக்கு சார்னு சொல்லிட்டேன். அது பாதி பதில்தான், மீதிய எழுதிடறேன்.

வண்டி பத்தி பெருசா ஒண்ணும் இல்ல. நம்ம ஊர்ல எல்லாரும் பார்த்த அதே 28 இஞ்ச் ராட் பிரேக் வண்டி, லேடீஸ் மாடல், ஸ்பிரிங் சீட்டு, பின்னாடி கேரியர். கும்பகோணத்துல ஒரு வீட்டு ரேழில தூசி படிஞ்சு நின்னுச்சு, 1800 ரூபா கொடுத்து எடுத்தேன். கம்பெனி பேர் கேக்காதீங்க, முன்னாடி இருக்கிற பேட்ஜும் போயிடுச்சு ஸ்டிக்கரும் போயிடுச்சு, எத்தனை கை மாறுச்சுன்னு யாருக்கும் தெரியாது, நான் கீழ திட்டப்போறது எதுவும் வண்டிய செஞ்சவன் மேல இல்ல.

லேடீஸ் வண்டி ஏன்னு கேக்குறவங்களுக்கு. 60 தாண்டுனப்புறம் பின்பக்கமா கால தூக்கி கேரியர் மேல சுத்திப் போட்டு ஏறிப் பாருங்க, அதுவும் கேரியர்ல அரிசி மூட்டை இருக்கும்போது, அப்ப தெரியும். விழுறது ஓட்டும்போது மட்டும் இல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். குறுக்கு பார் இல்லாத வண்டின்னா வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நேரா உள்ள கால வெச்சு உக்காந்துடலாம், திடீர்னு நாய் குறுக்க வந்தா முன்பக்கமாவே இறங்கிடலாம். ஆரம்பத்துல டீக்கடைல "என்ன சார், வீட்டம்மா வண்டியா"ன்னு கேட்டாங்க. ஆமாம்னுட்டேன். கேட்டவர் ஒருத்தர் இப்ப அவர் பேத்தியோட ஸ்கூல்ல கொடுத்த இலவச சைக்கிள்ல மார்க்கெட்டுக்கு வர்றாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். காட்டர் பின்.

தெரியாதவங்க இருந்தா, பெடல் மாட்டியிருக்கிற அந்த நீள கையிருக்குல்ல, கிராங்க், அத நடு ஆக்ஸிலோட புடிச்சு வெச்சிருக்கிறது ஒரு சின்ன ஆப்பு. விரல் தண்டி கூட இருக்காது. ஒரு பக்கம் சாய்வா ராவி இருக்கும், அந்தச் சாய்வு ஆக்ஸில்ல இருக்கிற வெட்டுல போய் இறுகி உக்காரணும், முனைல ஒரு நட்டு. என் உடம்பு எடை மொத்தமும் ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஆப்பு மேலதான் விழுது. அது ஒரு மயிரிழை லூஸ் ஆனாப் போதும், டக். ஒரு சுத்துக்கு ஒரு டக். தாராசுரம் போய் வர்ற வரைக்கும் டக், டக், டக். கோயில்ல சாமி கும்பிடும்போது கூட காதுல கேக்குது.

கொடுமை என்னன்னா இந்த சத்தம் எங்க இருந்து வருதுன்னு யாரும் சரியா சொல்ல மாட்டாங்க. ஒரு கடைல பெடல் போச்சுன்னாரு, புது பெடல் ரெண்டு மாத்துனேன், டக். இன்னொருத்தர் பால்ரஸ் குண்டு தேஞ்சிருக்குன்னு மொத்தமா ஓவராயில் பண்ணாரு, கிரீஸ் போட்டாரு, வண்டி மழமழன்னு ஓடுச்சு, கூடவே டக்கும் ஓடுச்சு. செயின் கவர் உரசுதுன்னு ஒருத்தர் அதையே கழட்டிட்டாரு, அப்புறம் வேட்டி செயின்ல மாட்டுனதுதான் மிச்சம். கடைசில நானே கண்டுபுடிச்சேன், நீங்களும் வண்டி பார்க்கப் போகும்போது இத மட்டும் பண்ணிப் பாருங்க: ரெண்டு கிராங்கும் தரைக்கு இணையா இருக்கிற மாதிரி வெச்சுட்டு ரெண்டு பெடலையும் ஒரே நேரத்துல கையால கீழ அழுத்துங்க, அப்புறம் அரைச்சுத்து சுத்தி முன்னது பின்னதா வெச்சு மறுபடி அழுத்துங்க. ஒரு சின்ன ஆட்டம், ஒரு "டுக்"னு நகர்றது கையில தெரிஞ்சா பின் லூசு. அதே மாதிரி மிதிக்காம சும்மா உருட்டும்போது சத்தம் நின்னு போச்சுன்னா வீல்ல பிரச்சினை இல்ல, பெடல் பக்கம்தான் தேடணும்.

லூஸ்னா நட்ட டைட் பண்ணா போச்சுன்னு நினைக்காதீங்க, முக்கால்வாசி கடைல அதத்தான் பண்றாங்க. நட்டு பின்ன உள்ள இழுக்காது. இழுக்கச் சொன்னா மரைதான் போகும். பின்ன சுத்தியால அடிச்சு உள்ள இறக்கணும், இறங்கி நின்னதுக்கு அப்புறம் அது வெளிய வராம இருக்கத்தான் நட்டு. அடிக்கும்போதும் கிராங்குக்கு அடில ஒரு கனமான இரும்போ பைப்போ முட்டுக் கொடுக்கணும், இல்லாட்டி அடி மொத்தமும் உள்ள இருக்கிற குண்டுக்கும் கப்புக்கும் போய்ச் சேரும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பையன் முட்டே கொடுக்காம அந்தரத்துல வெச்சு நாலு போடு போட்டான், எனக்கு என் முட்டில அடிச்ச மாதிரி இருந்துச்சு.

முட்டின்னதும் ஞாபகம் வருது, இதத்தான் நண்பருக்கு முக்கியமா சொல்லணும். நடுவுல ஒரு தடவ ரெண்டு பின்னும் புதுசா போட்டுக் கொடுத்தாங்க (எந்தக் கடைன்னு வேண்டாம்). டக் போச்சு. ரொம்ப சந்தோஷமா ஓட்டுனேன். ஆனா ஒரு வாரத்துல இடது முட்டி உள்பக்கம் வலி. வயசு, தேய்மானம்னு நினைச்சு தைலம் தேய்ச்சுட்டு இருந்தேன், ஸ்கேன் வரைக்கும் வீட்டுல பேச்சு போயிடுச்சு. அப்புறம் ஒரு நாள் வண்டிய ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு சும்மா பார்க்குறேன், ரெண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டுல இல்ல! ஒண்ணு 6 மணில நின்னா இன்னொண்ணு 12ல நிக்கணும்ல, அது பதினொண்ணே முக்கால்ல நிக்குது. ஒரு பின்ன திருப்பிப் போட்டிருக்காங்க. ஒரு கிராங்க் முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் இருக்கும்போது ஒரு நட்டு மேல பார்த்தா இன்னொண்ணு கீழ பார்க்கணும், அதுதான் கணக்கு. ரெண்டும் ஒரே பக்கம் பார்த்தா கோணம் தப்பிடும், அப்ப ஒவ்வொரு சுத்துலயும் ஒரு கால் முந்தும் ஒரு கால் பிந்தும், 20 வயசுப் பையன் அத கவனிக்கக்கூட மாட்டான், நம்ம முட்டி கவனிக்கும். திருப்பிப் போட்டதும் வலி தானா குறைஞ்சுது. தைலக் காசுல எத்தனை பின் வாங்கியிருக்கலாம்.

இப்ப எனக்கு உருப்படியா பண்ணிக் கொடுக்கிறவர் ஒரு பாய். என்ன விட மூத்தவர். பழைய பின்ன கழட்ட முதல் நாளே டீசல் ஊத்தி ஊற வெப்பாரு. புதுப் பின்ன அப்படியே போட மாட்டாரு, அரத்தால அந்தச் சாய்வ ராவி ராவி உள்ள விட்டுப் பார்ப்பாரு, சமமா பதியுதான்னு வெளிச்சத்துல பார்த்துட்டு மறுபடி ராவுவாரு. அடிச்சு இறக்கிட்டு, "ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க சார், உக்காந்துடும், இன்னொரு தட்டு தட்டி முறுக்கித் தர்றேன்"ம்பாரு. அந்த ரெண்டாவது தட்டுதான் ரகசியம், அதுக்குப் போகாம விட்டா பின் சீக்கிரமே டக்கு. இவ்வளவு செஞ்சும் டக் திரும்ப வந்தா அவர் தப்பு ஒண்ணும் இல்ல, இப்ப வர்ற பின்னே சாஃப்ட்டு, ஆறு மாசத்துல ஆப்பு பக்கம் தழும்பு விழுந்து நசுங்கிடுது. நசுங்குனத திருப்பி அடிச்சுப் பிரயோஜனம் இல்ல, தூக்கிப் போட வேண்டியதுதான்.

காட்டர்லெஸ்ஸா மாத்திடலாம்தான். அதுல சதுரமா ஆக்ஸில், போல்ட் போட்டு முறுக்குனா கிராங்க் தானா ஏறி உக்காரும், இந்த அளவுக்குத் தொந்தரவு இல்ல. ஆனா ஆக்ஸில், ரெண்டு கிராங்க், பல்சக்கரம் எல்லாம் சேர்த்து மாத்தணும், வண்டி வாங்குன விலைல பாதி வந்துடும்னு பாய் சொல்றாரு. அதோட, எனக்கும் அந்த பின்னுக்கும் இப்ப ஒரு வீம்பு ஆயிப்போச்சு.

இவ்வளவு திட்டுறியே ஏன் இன்னும் வெச்சிருக்கன்னு கேட்டா, அதுக்கும் ஒரு பதில் இருக்கு, ஃப்ரீவீல், அதாவது பின் சக்கரத்துல செயின் ஓடுற பல்சக்கரம். வாங்கும்போது முன்னாடி 48 பல்லு, பின்னாடி 18. அது வாலிப வயசு கணக்கு, பெடல் ஒரு முழு சுத்துக்கு கிட்டத்தட்ட 6 மீட்டர் போகும், ஆனா அரசலாத்துப் பாலம் ஏறும்போது எதிர்க்காத்து இருந்தா இறங்கித் தள்ள வேண்டியதுதான். பாய்தான் சொன்னாரு 22 பல்லு போடுங்கன்னு, செயின்ல ஒரு ஜோடி கண்ணி சேர்த்தாரு, அவ்வளவுதான் வேலை. இப்ப ஒரு சுத்துக்கு 5 மீட்டருக்கும் கம்மிதான், வேகம் குறைஞ்சுது, யாருக்கு வேணும் வேகம், பாலத்த உக்காந்த வாக்குலயே ஏறிடுறேன். கியர் சைக்கிள் பத்தாயிரம் பதினஞ்சாயிரம்னு போட்டு வாங்குன பக்கத்து வீட்டுக்காரர் கியர் மாத்தத் தெரியாம ஒரே கியர்லதான் ஓட்டுறாரு, அதுவும் கனமான கியர்ல, மூச்சு வாங்க. குனிஞ்சு ஓட்டுறதால கழுத்து வலின்னு வேற சொல்றாரு. எனக்கு நிமிர்ந்து உக்காந்து, ஹேண்டில் கைக்கு வந்து நிக்கும், ரெண்டு பக்கமும் பார்த்துட்டே சுவாமிமலை வரைக்கும் போயிட்டு வரலாம், காவிரில தண்ணி வந்த சமயம்னா கேக்கவே வேண்டாம்.

பிரேக் மழைல பிடிக்காது. ராட் பிரேக், இரும்பு ரிம், நனைஞ்சா ரப்பர் வழுக்கத்தான் செய்யும், புதுக் கட்டை போட்டாலும் அதே கதைதான், மழைன்னா நான் பாலத்துல இறங்கி நடந்துடுவேன். ஸ்டாண்டு, அந்த இழுத்து நிமித்துற பெரிய ஸ்டாண்டு, வண்டி 20 கிலோ பக்கம் இருக்கும், இடுப்பு புடிச்சுக்கும், சைடு ஸ்டாண்டு போட்டுக்குங்க. ராத்திரி ஓட்டுறதில்ல, எதிர்ல வர்ற வண்டி லைட்டு கண்ணுல அடிக்குது. சீட்ட மட்டும் சின்ன வயசுல பழகுன மாதிரி ரெண்டு காலும் தரைல பதியணும்னு ஒரேயடியா இறக்காதீங்க, பெடல் கீழ இருக்கும்போது கால் மடங்கியே இருந்தா முட்டிச் சில்லு மேல பாரம் ஏறும். நுனிக்கால் ஊனுற அளவு போதும்.

நண்பர் பார்த்து வெச்சிருக்கிற வண்டில ஹேண்டிலுக்குக் கீழ, ஃபிரேம் சேர்ற இடத்துல பெயிண்ட் வெடிச்சிருக்கா, முன் சக்கரத்த புடிச்சிருக்கிற ஃபோர்க் உள்ள தள்ளியிருக்கான்னு பாருங்க, எங்கயாவது முட்டுன வண்டின்னா அங்க காட்டிக் கொடுத்துடும். போக்ஸ் கம்பி துருப்பிடிச்சா மாத்திக்கலாம், ரிம் உள்பக்கம் துரு தின்னுருந்தா விட்டுடுங்க. ஃபிரேம் நம்பர ராவியிருந்தா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க, திருட்டு வண்டியா இருக்கலாம். கோட்டம், டயர், டியூப் எல்லாம் சில்லறை விஷயம், 28 இஞ்ச் டயர் எந்த ஊர்லயும் கிடைக்கும். பெடல அழுத்திப் பார்க்குறத மட்டும் மறக்காதீங்க.

மொத்தத்துல பார்த்தா மாசச் செலவு ஒண்ணும் இல்ல, சுகர் கன்ட்ரோல்ல இருக்கு, முட்டி பரவால்ல, தெருவுல நாலு பேர பார்த்துப் பேச முடியுது. இவ்வளவு சொன்னப்புறம் மார்க் நிறையப் போடுவேன்னு நினைப்பீங்க. 10க்கு 4. காலைல மார்க்கெட் போகும்போது இடது பக்கம் மறுபடி டக் ஆரம்பிச்சுடுச்சு, பாய் வெள்ளிக்கிழமை கடை திறக்க மாட்டாரு. நாளைக்கு பாய்கிட்ட அந்த காட்டர் பின்ன மாத்துனப்புறம் கேட்டா 8 சொல்லிடுவேன், அதனாலதான் இன்னைக்கே எழுதிட்டேன். வாங்காதீங்க சார், இல்ல, காட்டர்லெஸ்ஸா பார்த்து வாங்குங்க.