கொப்பியின் கடைசிப் பக்கம்

கட்டுநாயக்காவில் இறங்கியபோது, உறை மூடாத இடது புறங்கை அப்பம்போல உப்பியிருந்தது. ரொறன்ரோவில் மார்புப் புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சையோடு அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, வீங்காமலிருக்க அந்தக் கைக்கு ஓர் இறுக்கமான உறை. அதன் விலையில் முக்கால் பங்கை ஒன்ராறியோ அரசாங்கம் தருகிறது. சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடம். ஊருக்குப் போகலாமா என்று கேட்டதற்கு வைத்தியர் உடனே தலையாட்டினார். பயணக் காப்புறுதிக்காரர்தான், மருந்து ஏதும் மாறினதா, மாறினதா என்று மூன்று தரம் கேட்டார்.

நான் போனது தங்கச்சிக்காக. சின்னம்மாவின் மகள், வேலணையில் இருக்கிறாள். எனக்கு வந்த அதே வருத்தம்தான் அவளுக்கும். மாசிமாதம் சத்திரசிகிச்சை முடிந்து, தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மூன்றாவது தரம் மருந்து (கீமோ) ஏற்ற இருந்தது. அவள் அனுப்பிய குரல்பதிவுகள் ஒன்றில்கூட வருத்தத்தின் பெயர் இல்லை. வீட்டு வாசலிலேயே சின்னம்மா என் காதுக்குள், "ஆரும் கேட்டா நெஞ்சுச்சளி எண்டு சொல்லு பிள்ளை. மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுற வயசு" என்றா. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் ஸ்காபரோவில் நானும் ஆறு மாதம் விக் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனவள்தானே.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முன்பு வடக்கில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் கொழும்புக்குப் பக்கத்து மகரகம ஆஸ்பத்திரிதான். யாழ்ப்பாணத்திலிருந்து கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். 2006 ஆகஸ்டில், யுத்தத்தில், தெற்கே போகிற ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு அதுவும் கப்பலிலும் பிளேனிலும் இடம் கிடைத்தால்தான். 2011 ஜூலையில் தெற்கே தெவுந்தர முனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றரை 27 நாளில் நடந்து இந்த ஆஸ்பத்திரிக்காகக் காசு சேர்த்தார்கள். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்தார்கள். அந்தக் காசில் எழுந்த கட்டடம் 2013இல் திறக்கப்பட்டது. மருந்து ஏற்றியதற்கு, படுக்கைக்கு, வைத்தியருக்கு என்று தங்கச்சி ஒரு சதம் கட்டவில்லை. கனடாவிலும் நான் கட்டவில்லைத்தான். ஆனால் இந்த நாட்டின் நிலைமையை யோசித்தால் இது சின்ன விஷயமில்லை.

விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். பண்ணைப் பாலத்தில் காற்று அடிக்க, தங்கச்சி தலைத்துணியை ஒரு கையால் அமர்த்திப் பிடித்தபடி. யாழ்ப்பாணத்தில் இறங்கி, காங்கேசன்துறை வீதியால் இன்னொரு பஸ். போய்ச் சேரமுன்னரே வாங்கு நிறைய ஆட்கள். கன்னத்தைத் துவாயால் மூடிக்கொண்டு இரண்டு மூன்று ஆண்கள். இலங்கையில் ஆண்களுக்கு ஆகக் கூடுதலாய் வருவது வாய்ப் புற்றுநோய். எங்கள் வெத்திலைத் தட்டத்துக்கும் அதில் பங்கிருக்கிறது.

அந்த வாங்கில்தான் எனக்கு ரொறன்ரோவில் கிடைக்காத ஒன்று கிடைத்தது. பக்கத்தில் இருந்த அன்ரிக்குச் சிகிச்சை முடிந்து ஐந்து வருடமாம், செக்கப்புக்கு வந்திருந்தா. தங்கச்சியின் கிளினிக் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு முன்னுரையும் இல்லாமல் தொடங்கினா: "மருந்து ஏத்துற அண்டைக்கு உனக்கு விருப்பமான சாப்பாட்டைத் தொடாதை பிள்ளை. நான் ஆட்டுக்கறிப் புட்டுச் சாப்பிட்டுட்டு வந்தனான். இப்பவும் அந்த வாசத்துக்கு ஓங்காளிக்குது." அதற்கு மேல் ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். மலச்சிக்கல், வாய்ப்புண், முடி திரும்ப முளைக்கும்போது சுருளாய் வருவது. வீட்டில் வாய் திறக்காதவள் அங்கே சிரித்தாள்.

என் கெட்டித்தனம் ஒன்றும் இருக்கிறது. மருந்து ஏற்றமுன் இரத்தத்தில் வெள்ளணுக்கள் எவ்வளவு என்று பார்ப்பார்கள், குறைவென்றால் தள்ளிப்போடுவார்கள். முதல் நாளே பட்டினத்தில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் சோதித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம் என்று நான்தான் கூட்டிப்போனேன். பின்னேரம் நாலு மணிக்கு ரிப்போட் என்றார்கள். நாலரைக்குப் போனால், மெஷின் பழுது, நாளைக்கு வாங்கோ. ஒரு போன் எடுத்துச் சொல்லவில்லை, காசும் திரும்பவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியிலேயே திரும்பவும் இரத்தம் எடுத்து, மருந்து ஏறி முடிய இருட்டிவிட்டது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. வான் பிடித்து வந்தோம்.

என் கை உறையும் தளர்ந்துவிட்டது, ஆறு மாதத்துக்கு ஒருக்கால் மாற்றவேண்டியது அது. பட்டினத்தில் ஒரு பாமசியில் கேட்டேன். பையன் உள்ளே போய், கால் நரம்புக்குப் போடும் நீளக் காலுறையோடு வந்தான். "பாதத்தை வெட்டிப்போட்டுப் போடலாம் அன்ரி." கேட்டதற்கு முடிந்ததைச் செய்தான், பாவம். போகிறவர்கள் இரண்டு உறை கொண்டுபோங்கள்.

ராத்திரி தங்கச்சியின் கிளினிக் கொப்பியை விரித்தேன். பழுப்புக் கடதாசி உறை, மேலே சின்னவனின் கையெழுத்தில் பெயர். உள்ளே எல்லாம் இங்கிலிஷில், மருத்துவச் சுருக்கெழுத்தில். அது வைத்தியருக்கு வைத்தியர் எழுதுவது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "அப்ப நாலாவதோட முடியாதே?" என்றாள். ஆறு என்று எழுதியிருந்தது. அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தது நாலுக்கு.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "ரெண்டு பனடோல் போட்டுட்டுப் படுப்பன்." எனக்கு வயிறு பகீரென்றது. மருந்து ஏற்றிய பிறகு வெள்ளணு குறைந்திருக்கிற நாட்களில் காய்ச்சல் என்றால் நேரே ஆஸ்பத்திரிதான், இரவென்றாலும். பனடோல் சூட்டை மறைத்துவிடும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினோம்: 100.4 வந்தால் படுக்காதே, வெளிக்கிடு. கீழே ஓட்டோக்காரத் தம்பியின் நம்பர். என் வெப்பமானியை விட்டுவிட்டு வந்தேன்.

சத்திரசிகிச்சை செய்த இடத்தில், அது வேறு ஆஸ்பத்திரி, கைக்கு என்ன பயிற்சி என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லையாம், அல்லது சொன்னது அந்த நேரம் மனத்தில் ஏறவில்லை. வலது கை தோளுக்கு மேலே போகாமல் நின்றது. பிளேட்டு எடுக்க ஸ்டூல் போட்டாள். எனக்குப் பழக்கியதை நான் அவளுக்குப் பழக்கினேன்: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் நண்டுமாதிரி மேலே ஏறுவது. எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் திகதி. முதல் நாள் மூக்கு மட்டம். நான் வெளிக்கிடுகிற கிழமை நெற்றியைத் தாண்டிவிட்டாள்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு மாமி வந்தா. சுவரைப் பார்த்து, "இதென்ன கோடுகள்?" என்றா. சின்னம்மா சட்டென்று, "சின்னவன் வளருறதைக் குறிக்கிறம்" என்றா. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "அம்மம்மா, ஒரு கிழமையில நான் இவ்வளவு வளரேல்லையே."

மாமி தங்கச்சியின் தலைத்துணியைப் பார்த்தா. பிறகு சுவரைப் பார்த்தா. "எத்தினையாவது ஊசி?" என்று மட்டும் கேட்டா.