அரிய மழைக்காட்டு மரம் என்று சொல்லி விற்றார்கள், 280 டாலர் போயிற்று: முப்பரிமாண மாதிரி வாங்குவோர் கவனத்திற்கு

பதினொரு நாட்களுக்கு முன் 280 டாலர் கொடுத்து, கணினி வரைகலைக் காட்சிகளுக்கான முப்பரிமாண மரத் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். வொலமை பைன் என்ற பெயரில் விற்கப்பட்ட அந்தக் கோப்பில் வொலமை பைன் இல்லை. பணத்தைத் திருப்பித் தர இயலாது என்ற இறுதிப் பதில் இன்று காலையில்தான் வந்தது. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். தளத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பல நாட்டுக் கலைஞர்களும் தங்கள் மாதிரிகளைப் பதிவேற்றி விற்கும் இணையச் சந்தை அது என்பது போதும்.

நான் உருவாக்கிக்கொண்டிருந்தது, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து மழைக்காட்டுப் பள்ளத்தாக்கு ஒன்றின் காட்சி. இருபுறமும் மணற்கல் சுவர்கள், அடியில் ஈரநிழலில் கோச்வுட், சசாஃப்ராஸ் மரங்கள், அவற்றுக்கு மேலே தலைநீட்டும் வொலமை பைன்கள். 1994ஆம் ஆண்டில் டேவிட் நோபிள் என்ற தேசியப் பூங்கா அலுவலர் வொலமை தேசியப் பூங்காவுக்குள் இந்த மரத்தைக் கண்டறிந்தார். இயற்கைக் காட்டில் முதிர்ந்த மரங்கள் நூறுகூட இல்லை. பைன் என்று அழைக்கப்பட்டாலும் இது அராகேரியா குடும்பத்தைச் சேர்ந்தது. 40 மீட்டர் வரை உயர்வது. ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பி நிற்கும். முதிர்ந்த பட்டை, கொதிக்கும் சாக்லேட் குழம்பு அப்படியே உறைந்ததுபோல் கரும்பழுப்பில் குமிழ் குமிழாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதன் பக்கக் கிளைகள் பெரும்பாலும் மேற்கொண்டு கிளைப்பதில்லை. தண்டிலிருந்து புறப்பட்ட கிளை ஒற்றையாகவே நீண்டு, நுனியில் கூம்பு விட்டு, அது முதிர்ந்ததும் முழுக்கிளையாகவே உதிர்ந்துவிடும். இந்த ஒன்று பிசகினால், தூரத்திலிருந்து பார்த்தாலும் அது வேறு மரம்தான்.

அதனால்தான் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் இதைப் பற்றியே கேட்டேன். இருபது நிமிடத்தில் பதில் வந்தது. பக்கக் கிளைகள் பிரிவதில்லை என்பதைத் தாம் அறிந்தே உருவாக்கியிருப்பதாகவும், உதிர்ந்து தரையில் கிடக்கும் கிளைகளைத் தனி மாதிரிகளாகச் சேர்த்திருப்பதாகவும், குளிர்காலத்தில் மொட்டுகளை மூடும் வெண்பிசின் தொப்பிக்குக்கூடத் தனி டெக்ஸ்சர், அதாவது மாதிரியின் மேல் போர்த்தும் மேற்பரப்புப் படம், தந்திருப்பதாகவும் எழுதியிருந்தார். வெண்பிசின் தொப்பியைப் பற்றி நான் கேட்கவே இல்லை; அவராகவே சொன்னார். மரத்தை இவ்வளவு நுணுக்கமாக அறிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று அந்த ஒரு வரியில் நம்பிவிட்டேன். அடுத்த ஐந்து நிமிடத்தில் 280 டாலரைச் செலுத்தினேன்.

விற்பனைப் பக்கத்தில் இருந்த இன்னொரு வரியை அப்போதே சந்தேகித்திருக்க வேண்டும். 'காட்டில் நிற்கும் மரத்தையே நேரில் ஸ்கேன் செய்தது' என்று அங்கே எழுதியிருந்தார்கள். அந்த மரங்கள் நிற்கும் இடத்தை அரசு இரகசியமாக வைத்திருக்கிறது; வருவோரின் காலணி மண்ணோடு வேரழுகல் நோய்க்கிருமி போய்ச் சேர்ந்துவிடும் என்ற அச்சமே அதற்கு முக்கியமான காரணம். 2019-20 காட்டுத்தீயின்போது தீயணைப்பு வீரர்களை இறக்கிக் காப்பாற்றிய மரங்கள் அவை. தாவரவியல் பூங்காவில் வளர்க்கப்படும் மரத்தை ஸ்கேன் செய்ததாகச் சொல்லியிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும்.

கோப்பைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கிளை. ஒவ்வொரு பக்கக் கிளையும் இரண்டாக, நான்காகப் பிரிந்து, அடுக்கடுக்காக விரிந்திருந்தது. வேறொரு மரமான நார்ஃபோக் தீவு பைனின் உருவம் அது. பட்டையில் குமிழ் ஒன்றுகூட இல்லை, நெடுக்குவாட்டில் வெடிப்புகள்தான் ஓடின. அந்த டெக்ஸ்சர் கோப்பின் பெயரே 'ஃபர் பார்க் 02', அதாவது ஃபர் என்ற வேறு மரத்தின் பட்டை, என்றிருந்தது. ஆறு தனித்தனி மரங்கள் என்று சொன்னார்கள். ஆறிலும் பாலிகான், அதாவது மாதிரியின் உருவத்தை அமைக்கும் சிறு தட்டைப் பரப்புகளின், எண்ணிக்கை கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தது. ஒரே மரத்தைச் சுழற்றியும் சுருக்கியும் ஆறாக்கியிருக்கிறார்கள். 'இளங்கன்று' என்ற பெயரில் இருந்தது அதே மரத்தை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கியது. அதனால் இலைகளும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, பாசி ஒட்டியதுபோல் தெரிந்தன. காற்றில் அசைவதற்கான அனிமேஷன் இல்லை. தரையில் கிடக்கும் கிளைகளும் இல்லை, வெண்பிசின் தொப்பியும் இல்லை. முன்னோட்டப் படங்களில் நான் கண்ட குமிழ்ப் பட்டை இந்த மாதிரியிலிருந்து ரெண்டர் செய்யப்பட்டதாக, அதாவது கணினியில் படமாக்கப்பட்டதாக, இருக்கவே முடியாது.

விற்பவருக்கு அன்றே எழுதினேன். உங்கள் ரெண்டர் அமைப்பில் கோளாறு இருக்கலாம் என்றார். கிளை பிரிவதற்கும் ரெண்டர் அமைப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, மாதிரியின் வடிவத்தை வெறும் கோடுகளாகக் காட்டும் வயர்ஃப்ரேம் படங்களை அனுப்பினேன். மூன்று நாள் மௌனம். பிறகு, 'இது கலைஞரின் பார்வையில் உருவான மரம்' என்று ஒரே வரி. வாங்கும் முன் இருபது நிமிடத்தில் பதில் எழுதியவர், அதற்குப் பிறகு எழுதவே இல்லை.

தளத்தின் உதவிப் பிரிவோ, கோப்பு திறக்கிறதா என்று மட்டும் கேட்டது. திறக்கிறது என்றேன். அப்படியானால் கோப்பில் குறையில்லை என்று புகாரை மூடிவிட்டார்கள். மீண்டும் திறக்கச் செய்து, உண்மை மரத்தின் ஒளிப்படத்தையும் இந்த மாதிரியையும் பக்கம் பக்கமாக வைத்து அனுப்பினேன். தாவர இனம் சரியா என்பதைத் தாங்கள் மதிப்பிடுவதில்லை, பதிவிறக்கிய கோப்புக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றார்கள். ஆறு மரம் என்று சொல்லி ஒன்றைத் தந்ததற்கும், சொன்ன அனிமேஷன் இல்லாததற்கும் தாவரவியல் எதற்கு? அந்தக் கேள்விக்குப் பதிலாக, அடுத்த முறை வாங்கும்போது பயன்படுத்திக்கொள்ளுமாறு 10 டாலர் தள்ளுபடிக் கூப்பன் வந்தது. இழந்தது 280 டாலர். நான் எழுதிய விமர்சனம் 'பரிசீலனையில்' என்ற குறிப்போடு இன்னும் வெளியாகாமல் கிடக்கிறது.

அரிய மரங்களின் மாதிரியை வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை, பள்ளத்தாக்குக் காட்சியை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. இவற்றை மட்டும் மறக்காதீர்கள். வயர்ஃப்ரேம் படம் தராதவரிடம் வாங்காதீர்கள். ஒவ்வொரு மாதிரியின் பாலிகான் எண்ணிக்கையையும் தனித்தனியே எழுத்தில் கேளுங்கள். பட்டையையும் கிளை தண்டோடு சேரும் இடத்தையும் அருகிலிருந்து, ஒளியமைப்பு எதுவும் இல்லாமல் காட்டச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்தது என்றால் எங்கே என்று கேளுங்கள். பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பதிவிறக்குவதற்கு முன்பே படியுங்கள்.

இதை எழுதி முடிக்கும் முன் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தேன். அதே குமிழ்ப் பட்டைப் படம், அதே 280 டாலர் விலை. எனக்குப் பிறகு இன்னும் இருவர் வாங்கியிருக்கிறார்கள்.