எபேசு ஒருநாள் சுற்றுலா: கன்னி மரியாள் ஆலயத்துக்குக் கிடைத்த பத்து நிமிடம்

மும்பை சயானில் எங்கள் வீட்டில் மாலைச் செபமாலையின்போது, "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" என்னும் இடம் வரும்போதெல்லாம் ஆச்சி குரலைத் தாழ்த்திக்கொள்வார். மரியாளை இறைவனின் தாய் என்று அழைக்கலாமா என்னும் கேள்வி 431ஆம் ஆண்டு, திருச்சபையின் ஆயர்கள் கூடிய எபேசு பொதுச்சங்கத்தில்தான் விவாதிக்கப்பட்டு முடிவானது என்று அறிந்த நாள்முதல், அந்த இடத்தைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. செம்பூரில் வசிக்கும் என் கல்லூரித் தோழியும் உடன் வர இசைந்ததால், இங்குள்ள ஒரு பயண முகவர் மூலம் துருக்கியின் இஸ்மீர் நகரிலிருந்து எபேசுக்கு ஒருநாள் சுற்றுலா பதிவுசெய்தோம். நுழைவுச்சீட்டும் மதிய உணவும் கட்டணத்தில் அடக்கம். எபேசு நகரம், சங்கம் கூடிய கன்னி மரியாள் ஆலயம், புனித யோவான் பேராலயம், மரியாள் வாழ்ந்ததாக மரபு கூறும் மரியாளின் இல்லம் ஆகிய நான்கும் பயணத் திட்டத்தில் எழுத்திலேயே இருந்தன.

வண்டி குறித்த நேரத்துக்கு விடுதி வாசலில் வந்து நின்றது. சுமார் 80 கிலோமீட்டர் பயணம் சொகுசாகவே இருந்தது. வழிகாட்டி நன்கு படித்தவர். அவசரமின்றி, தெளிவாகப் பேசினார். மேல் வாசல் வழியாக நுழைந்து சரிவில் இறங்கி வரும் பாதையில், சாதாரணமாக யாரும் மிதித்துக் கடந்துவிடக்கூடிய ஒரு பளிங்குக் கல்லைக் குனிந்து காட்டினார். அதில் வட்டமும் எட்டு ஆரங்களும் கொண்ட சக்கரம் ஒன்று செதுக்கப்பட்டிருந்தது. மீன் ஆதிக் கிறிஸ்தவர்களின் அடையாளம்; மீன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் ஐந்து எழுத்துகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதினால் அந்தச் சக்கரம் கிடைக்கும் என்று அவர் தன் குறிப்பேட்டில் வரைந்து காட்டியபோது, தோழி அந்தக் கல்லின் அருகிலேயே அமர்ந்துவிட்டார். தட்டான் தெமேத்திரியு, திருத்தூதர் பவுலுக்கு எதிராகக் கூட்டத்தைத் தூண்டிவிட்ட கதையை, அந்தக் கூட்டம் திரண்ட அதே அரங்கில் நின்று கேட்டதும் நிறைவாக இருந்தது.

குறை என்னவென்றால், எபேசுக்கு வருமுன்பே எங்களை ஒரு தோல் ஆடை விற்பனைக் கூடத்துக்கு அழைத்துச் சென்று முழுதாக ஒரு மணி நேரத்தைப் போக்கிவிட்டார்கள். திட்டத்தில் அப்படி ஒரு நிறுத்தமே இல்லை. அதன் விளைவாக, கீழ் வாசலை நெருங்கியதும் நேரமாகிவிட்டது என்று கூறி எல்லோரையும் வண்டிக்கு அழைத்தார்கள். கன்னி மரியாள் ஆலயம் அந்த வாசலுக்கு அருகில், பக்கவாட்டில் பிரியும் பாதையில் இருக்கிறது. அச்சிட்ட திட்டத்தை எடுத்துக் காட்டி நாங்கள் இருவரும் வற்புறுத்திய பிறகே பத்து நிமிடம் கிடைத்தது.

அந்த ஆலயத்தில் ஒரு மணி நேரமாவது நின்று பார்க்க வேண்டும். ஹேட்ரியன் பேரரசருக்குரிய கோயில் வளாகத்தின் தெற்கு மண்டபத்துக்குள் எழுப்பப்பட்டது என்பதால், அது வழக்கமான ஆலயங்களைப் போலன்றி மிக நீண்டு கிடக்கிறது. இரண்டாம் தியோடோசியஸ் பேரரசர் கூட்டிய சங்கத்துக்கு அலெக்சாந்திரியாவின் சிரில் தலைமை வகித்தார். மரியாளைக் கிறிஸ்துவின் தாய் என்று மட்டுமே அழைக்க வேண்டும் என்று வாதிட்ட கான்ஸ்டான்டினோபிள் ஆயர் நெஸ்தோரியஸ், அங்கு வர மறுத்த நிலையில் பதவி நீக்கப்பட்டார். மரியாள் பெயரால் வழங்கிய ஆலயத்தில் கூடினோம் என்று சங்க ஏடுகளே சொல்கின்றன. இன்று நிற்கும் சுவர்களில் எவை 431ஆம் ஆண்டுக்கு முந்தியவை என்பதில் ஆய்வாளர்கள் வேறுபடுகிறார்கள். நாங்கள் சென்றபோது அங்கு வேறு ஒருவரும் இல்லை. திருமுழுக்கு அறையில், தரைக்குள் பதிந்த தொட்டியின் விளிம்பருகே நின்று ஆச்சி சொல்லும் அதே வரியை நான் மெல்லச் சொன்னேன். அதற்குள் வண்டியின் ஒலிப்பான் கேட்டது.

புனித யோவான் பேராலயத்தில் இத்தகைய அவசரம் இல்லை. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசர் ஆறு குவிமாடங்களுடன் கட்டிய அந்த ஆலயத்தின் தூண் தலைப்புகளில் அவருடைய பெயர்ச் சுருக்கத்தையும் அவர் மனைவி தியோடோராவின் பெயர்ச் சுருக்கத்தையும் விரலால் தொட்டுப் படிக்கும் தொலைவில் காணலாம். யோவானின் கல்லறை என்று மரபு கூறும் இடத்தை நான்கு தூண்கள் சூழ்ந்திருக்கின்றன. மதிய வெயிலில் நிழலே இல்லாத மேடு அது. தொப்பியும் தண்ணீரும் அவசியம். திருத்தந்தையர் மூவர் வந்து சென்ற மரியாளின் இல்லம் சிறியது, அமைதியானது. அங்கு அளித்த அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.

வழிகாட்டிக்கும் வண்டிக்கும் முழு மதிப்பெண் தருவேன். நேரத்தைக் கையாண்ட விதத்துக்குப் பாதிகூடத் தர மனம் வரவில்லை. இதே சுற்றுலாவைப் பதிவுசெய்பவர்கள், கடை நிறுத்தம் கிடையாது என்றும், கன்னி மரியாள் ஆலயத்துக்குக் குறைந்தது நாற்பது நிமிடம் உண்டு என்றும் முன்பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் இஸ்மீரின் பஸ்மனே நிலையத்திலிருந்து செல்சுக் ஊருக்கு ரயில் இருக்கிறது. பேராலயம் அந்த ஊருக்குள்ளேயே உள்ளது, எபேசும் மிக அருகில்தான். தோழியும் நானும் அடுத்த முறை அந்த ரயிலில்தான் செல்லவிருக்கிறோம்.