பிராசசர் நேரம்: த்ரெட்டுக்கு ஒரு பங்கா, குழுவுக்கு ஒரு பங்கா?

ஒரே கோர் (கணக்கிடும் அலகு) உள்ள கணினியில் இரண்டு நிரல்கள் இடைவிடாமல் கணக்கிட்டுக்கொண்டிருக்கின்றன என்று கொள்வோம். முதல் நிரலில் ஒரே ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலைச் சரடு), இரண்டாவதில் ஒன்பது. பிராசசர் நேரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஷெட்யூலர் எவ்வளவு நேர்மையாகப் பங்கிட்டாலும், முதல் நிரலுக்குக் கிடைப்பது 10 சதவீதமா 50 சதவீதமா என்பது, அது ஆளுக்கு (த்ரெட்டுக்கு) ஒரு பங்கு வைக்கிறதா வீட்டுக்கு (த்ரெட்களின் குழுவுக்கு) ஒரு பங்கு வைக்கிறதா என்பதைப் பொறுத்தது.

ஆளுக்கு ஒரு பங்கு என்பதே பழகிய வழி. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பார்வையில் த்ரெட்டும் பிராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) ஒரே வகைப் பணிகள்தான். நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றனவா இல்லையா என்பதே முக்கிய வேறுபாடு. விண்டோஸும் 0 முதல் 31 வரையிலான முன்னுரிமைகளை வைத்துத் த்ரெட்களையே வரிசைப்படுத்துகிறது. ஒரு த்ரெட் எந்தப் பிராசஸைச் சேர்ந்தது என்பதைப் பங்கீட்டின்போது இயல்பாகப் பார்ப்பதில்லை. இந்த முறை எளிமையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதிகத் த்ரெட்களை உருவாக்கும் நிரல், கேட்காமலேயே அதிக நேரத்தைப் பெற்றுவிடுகிறது.

ஒரு பணி மற்றவற்றுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதைக் குறிக்கும் நைஸ் மதிப்பைக் கொண்டு இதைச் சரிசெய்யலாமே என்று தோன்றும். லினக்ஸில் அந்த மதிப்பு ஓர் எடையாக மாறும், எடைக்கு ஏற்ப நேரம் பிரியும்: நைஸ் 0 என்றால் எடை 1024, நைஸ் 10 என்றால் 110. ஒன்பது த்ரெட்களையும் நைஸ் 10-க்கு மாற்றினால் அவற்றின் கூட்டு எடை 990 ஆகிறது. ஒற்றைத் த்ரெட்டின் 1024-க்கு எதிரே ஏறக்குறையச் சரிபாதி. ஆனால் சற்று நேரத்தில் அந்த ஒன்பதில் ஆறு த்ரெட்கள் வட்டிலிருந்து தரவு வருவதற்காகக் காத்திருக்கத் தொடங்கினால், மீதமுள்ள மூன்றின் எடை 330 மட்டுமே. முதல் நிரலின் பங்கு 75 சதவீதத்தைத் தாண்டிவிடும். போதாக்குறைக்கு, லினக்ஸில் நைஸ் மதிப்பு பிராசஸுக்கு உரியதன்று, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனித்தனியானது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸின் எண்ணைக் கொடுத்து அதை மாற்றினால் முதன்மைத் த்ரெட் மட்டுமே மாறும். ஏற்கெனவே பிறந்த மற்றவை பழைய மதிப்பிலேயே ஓடும்.

வீட்டுக்கு ஒரு பங்கு என்னும் வழி 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 கெர்னலில் குழுவாரிப் பங்கீடாக வந்தது. இன்று பணிகளைக் குழுக்களாகப் பிரிக்கும் சிகுரூப் (cgroup) வசதி வழியாக அதைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு குழுவின் எடையும் இயல்பாக 100. 1 முதல் 10000 வரை மாற்றலாம். குழுவுக்குள் எத்தனை த்ரெட்கள் விழித்திருந்தாலும் அதன் பங்கு பெருகாது. 2011-இல் 2.6.38 கெர்னலில் சேர்ந்த ஆட்டோகுரூப் வசதி, ஒவ்வொரு செஷனையும் (ஒரு டெர்மினலில் தொடங்கிய வேலைகளின் தொகுப்பு போன்றது) தானாகவே ஒரு குழுவாக்கியது. ஒரு டெர்மினலில் பெரிய கம்பைல் வேலை பல கிளைகளாக ஓடும்போதும் திரையில் மற்ற நிரல்கள் திணறாமல் இருந்தன. இதற்கும் ஒரு விலை உண்டு: அந்த ஏற்பாட்டில் நைஸ் மதிப்பு தன் குழுவுக்குள் மட்டுமே செல்லும். இரண்டு டெர்மினல்களில் தனித்தனியே ஓடும் வேலைகளில் ஒன்றுக்கு நைஸ் 19 கொடுத்துவிட்டு, எதுவும் மாறவில்லையே என்று குழம்புவோர் பலர்.

நான்கு கோர்கள் இருந்தால் கணக்கு சற்று மாறும். த்ரெட் வாரியாக எண்ணினால் பத்துத் த்ரெட்களுக்கும் சராசரியாக ஒரு கோரின் 40 சதவீதம்; ஆனால் அவை கோர்களில் 3, 3, 2, 2 என்றே அமரமுடியும் என்பதால், அந்த நேரத்தில் ஒரு த்ரெட்டுக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்றோ பாதியோதான். குழுவாரியாக எண்ணினால் முதல் நிரலுக்கு இரண்டு கோர்கள் உரிமை. ஒற்றைத் த்ரெட் இரண்டில் ஒரே நேரத்தில் ஓட இயலாது என்பதால் ஏறத்தாழ ஒரு கோர் அதற்கு வரும், மிச்சம் மற்றதற்குப் போகும்.

2007-இல் வந்த சிஎஃப்எஸ் (CFS) என்னும் லினக்ஸ் ஷெட்யூலருக்குப் பதிலாக 2023-இல் 6.6 கெர்னலில் ஈஈவிடிஎஃப் (EEVDF) வந்தபோது, அடுத்து எந்தப் பணியை எப்போது ஓடவிடுவது என்னும் விதிதான் மாறியது. ஆனால் பங்கு த்ரெட்டுக்கா குழுவுக்கா என்பது இன்றும் நிர்வகிப்பவரின் கையில்தான் இருக்கிறது. ஒரே நிரலுக்கென ஒதுக்கிய கணினியில் குழுக்களை அமைப்பது வீண் வேலை. பலர் பகிரும் சர்வரில், த்ரெட் எண்ணிக்கையை நம்பிப் பங்கிடுவது அமைதியாக ஓடும் நிரலுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். அங்கே ஒவ்வொரு பயனருக்கும் ஒரு குழுவை அமைத்து எடையைக் குறித்துவிடுவதுதான் முறை.