அக்கா வீட்டு மாடியில் சோலார்: வெள்ளவத்தைக் கணக்கு

இந்தமுறை கொழும்புக்குப் போகிறவர்கள் வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். மொட்டைமாடிக்கு மொட்டைமாடி சோலார் தட்டுகள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றதும், அதற்குப் பிறகு பில் ஏறிய ஏற்றமும்தான் சனத்தை இந்தப் பக்கம் தள்ளியது.

அக்கா வீட்டில் இரண்டு ஏசி, தண்ணி மோட்டர், எல்லாமாக மாதம் 350 யூனிற் அளவில் ஓடும். பில் 16,000 ரூபா மட்டில் வரும். 180 யூனிற்றைத் தாண்டிய ஒவ்வொரு யூனிற்றுக்கும் ஆகக் கூடிய விலை. கடிப்பது அந்தப் பகுதிதான்.

முதலில் வந்த கொம்பனிக்காரர் மாடி முழுக்க 10 கிலோவாற் போடச் சொன்னார். "மிச்சத்தை வித்தே காசு பார்க்கலாம் அண்ணை." இந்தப் பேச்சை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் நாங்கள் மின்சார சபைக்கு விற்கும் ஒரு யூனிற்றுக்கு 37 ரூபா கொடுத்தார்கள். 2024இல் அது 27 ஆனது. 2025இல் புதிதாகச் சேருபவர்களுக்கு 5 கிலோவாற் வரை 20.90 ரூபா, அதற்கு மேலே போனால் இன்னும் குறைவு. அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பாவனை குறைந்ததால், கூரைச் சோலாரைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபையே கேட்டது. இப்போது இலாபம் விற்பதில் இல்லை, அந்த விலை கூடின யூனிற்றை வாங்காமல் விடுவதில்தான். கொழும்பு வெயிலுக்கு ஒரு கிலோவாற் மாதம் சுமார் 110 யூனிற் தரும், மழை மாதங்களில் குறையும். அக்காவுக்கு மூன்றரை கிலோவாற் தாராளம். ஏழு இலட்சத்துக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. நாலு, நாலரை வருடத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

இரண்டாவதாக வந்த தம்பி நல்ல வேலைக்காரன். விலை சொல்ல முதல் மாடியில் ஏறி, பின்னேரம் மூன்று மணிக்கு கடற்கரைப் பக்கத்து பிளாட்டின் நிழல் எங்கே விழுகிறது என்று சோக்கால் கோடு கீறினான். "ஒரு தட்டில நிழல் விழுந்தா அந்த வரிசை முழுக்கக் கரண்ட் குறையும் அக்கா" என்று கோட்டுக்கு வெளியேதான் எல்லாத் தட்டையும் வைத்தான். உப்புக்காற்றில் சாதாரண ஆணிகள் கறள் பிடித்துவிடும் என்று ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் நட்டுகளே போட்டான். விலை கேட்கும்போது இந்த இரண்டையும் கேளுங்கள்.

தட்டு பூட்ட ஒரு பகல் போதும். வெளியே போகும் கரண்டையும் கணக்கெடுக்கும் மீற்றருக்கு மாற்றக் கிடந்த கிடைதான் பெரிய கரைச்சல்: தட்டு வெயிலில் சும்மா கிடக்க, பழைய பில்லைக் கட்டிக்கொண்டிருந்தோம். லீவு எடுத்துப் போகிறவர்கள் போய் இறங்கிய கையோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

மாமி ஒருவர் கேட்டா, "இனிக் கரண்ட் போனாலும் உங்களுக்கு லைற் எரியும் என்ன?" எரியாது. லைனில் வேலை செய்பவரைக் கரண்ட் அடிக்கக்கூடாது என்பதற்காக, வெளியே கரண்ட் நின்றால், தட்டில் வரும் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் சாதாரண இன்வேட்டர் பெட்டியும் நின்றுவிடும். எரிய வேண்டுமென்றால் பற்றரி வேண்டும், அது தனிச் செலவு. அக்கா இப்போதைக்கு வேண்டாம் என்றா. பிறகு பற்றரி சேர்க்க வசதியாக ஹைபிரிட் இன்வேட்டரை மட்டும் இப்பவே போட்டுவிட்டோம்.